எடுப்பது வேறு, கழுவுவது வேறு

செல்ஃபோன் காமிராவின் பட்டன் சில சமயம் மரத்துப்போவது ஏன்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீர்ந்துபோன ஒரு பிரச்சினை திரும்பி வந்திருக்கிறது.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து ஒரு வினாடியில் ஏறத்தாழ 39 மீட்டரைக் கடக்கும். பிட்சின் மொத்த நீளமே 20 மீட்டரும் கொஞ்சமும்தான். ஸ்டம்ப் எகிறும் காட்சியைப் பிடிக்க நினைத்து செல்ஃபோனின் பட்டனைத் தொடுகிறவருக்கு அரை வினாடி தாமதம் என்பது கிட்டத்தட்ட ஒரு முழு பிட்ச் தாமதம். அவருக்குக் கிடைக்கும் படத்தில் பந்து இருக்காது. எகிறும் ஸ்டம்ப்பும் இருக்காது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பேட்ஸ்மேன் மட்டும் இருப்பார்.

கிரிக்கெட் ஓர் உதாரணம்தான். குழந்தை எடுத்துவைத்த முதல் அடி, ஹோலியன்று காற்றில் எழும்பிய வண்ணப் பொடி, ரயில் ஜன்னலில் கையசைத்த பாட்டி என்று தவறிப்போன படங்களின் பட்டியல் எல்லா வீடுகளிலும் உண்டு. தவறவிட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். பல சமயங்களில் குற்றவாளி கையல்ல. அழுத்தியவுடன் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த பட்டன்தான் வாக்குத் தவறியிருக்கிறது.

மனித உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அழுத்துவதற்கே சுமார் கால் வினாடி போய்விடுகிறது. அதற்கு மருந்தில்லை. தேர்ந்த புகைப்படக்காரர்கள் முன்யோசனையால் அதை ஈடுகட்டுகிறார்கள். பேட்ஸ்மேன் காலை நகர்த்தும்போதே அழுத்திவிடுவார்கள். இந்த வித்தை பலிக்க ஒரு நிபந்தனை: காமிராவின் தாமதம் குறைவாகவும் எப்போதும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஹென்றி கார்ட்டியே பிரஸோனின் 1952ஆம் வருடப் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானகரமான கணம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். அவர் கையிலிருந்த லைகா காமிரா, அழுத்திய பிறகு எடுத்துக்கொண்ட நேரம் வினாடியின் நூறில் சில பங்குதான். கணத்தைத் தீர்மானித்தவர் மனிதர். கருவி குறுக்கே நிற்கவில்லை.

இன்றைய செல்ஃபோன் அந்த லைகாவால் முடியாத கோடிக்கணக்கான கணக்குகளைப் போட வல்லது. பிறகு ஏன் திணறுகிறது? அந்தக் கணக்குகளால்தான்.

இதைப் புரிந்துகொள்ள 1851க்குப் போக வேண்டும். ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் அந்த ஆண்டு வெளியிட்ட ஈரத் தகடு முறை புகைப்படக் கலையை ஒரு தாவலில் முன்னேற்றியது. ஆனால் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். வெளியூருக்குப் படம் எடுக்கப் போனவர்கள் இருட்டுக் கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு படம் எடுத்ததும் கூடாரத்துக்குள் ஓட வேண்டும். உள்ளே கழுவிக்கொண்டிருக்கும்போது வெளியே என்ன நடந்தாலும் எடுக்க முடியாது.

முதலில் உலர் தகடு வந்து இந்தச் சிக்கலை அவிழ்த்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அதை முற்றாக ஒழித்தார். அவருடைய கோடக் காமிரா 25 டாலர் விலையில், 100 படங்களுக்கான ஃபிலிம் சுருளோடு வந்தது. வாங்கியவர் செய்ய வேண்டியது பட்டனை அழுத்துவது மட்டுமே. சுருள் தீர்ந்ததும் காமிராவையே ரோச்செஸ்டர் நகரிலிருந்த கம்பெனிக்கு அனுப்பிவிட்டால், கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். எடுப்பது வேறு, கழுவுவது வேறு என்ற இந்தப் பிரிவினைதான் புகைப்படத்தைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஃபிலிமைக் கழுவக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்கள் உண்டு. கழுவி முடியும்வரை அடுத்த படம் எடுக்க முடியாமல் காத்திருந்தவர் அநேகமாக யாருமில்லை.

டிஜிட்டல் காமிரா இரண்டையும் மறுபடி ஒரே பெட்டிக்குள் அடைத்தது. விரல் பட்டனைத் தொட்டதும் செல்ஃபோனுக்குள் வரிசையாக வேலைகள் தொடங்குகின்றன. லென்ஸ் ஃபோகஸ் ஆக வேண்டும். வெளிச்சத்தை அளக்க வேண்டும். சென்ஸாரிலிருந்து படத்தை வாசிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லாத லென்ஸ் தரும் மங்கலான படத்தைச் சரிசெய்ய, அடுத்தடுத்து எடுத்த பல படங்களைப் பொருத்தி ஒன்றாக்க வேண்டும். நிறத்தைத் திருத்தி, ஜேபெக் போன்ற வடிவில் சுருக்கி, கடைசியில் நினைவகத்தில் எழுத வேண்டும். இவற்றில் முதல் மூன்று மட்டுமே எடுப்பது. மீதி அத்தனையும் கழுவுவது. இரண்டையும் பிரிக்காமல் செயலியை எழுதினால், புகைப்படக்காரர் மறுபடி கூடாரத்துக்குள் ஓடுகிறார் என்று பொருள்.

ஹோட்டலில் ஆர்டர் எடுக்கும் சர்வரை நினைத்துக்கொள்ளலாம். அவர் வேலை ஆர்டரை வாங்குவது, உள்ளே குரல் கொடுப்பது, அடுத்த மேசைக்குப் போவது. அவரே அடுப்படிக்குப் போய் தோசை வார்க்க ஆரம்பித்தால், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் கூப்பிடக் கூப்பிடப் பதில் இருக்காது. செல்ஃபோன் செயலிகளிலும் இப்படி ஒரு சர்வர் உண்டு. திரையில் தோன்றுவதை வரைவதும், விரல் தொட்டதைக் கேட்டுக்கொள்வதும் 'மெயின் த்ரெட்' எனப்படும் ஒரே சரடின் பொறுப்பு. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையானால், ஒவ்வொரு முறைக்கும் அதற்கு 17 மில்லிசெகண்டுக்கும் குறைவான அவகாசமே உண்டு. படத்தைச் சுருக்கும் வேலையையோ நினைவகத்தில் எழுதும் வேலையையோ அதன் தலையில் கட்டினால் திரை உறைந்துபோகும், பட்டன் மரத்துப்போகும். தொட்டதற்கு 5 வினாடிவரை பதில் வராவிட்டால், செயலி பதிலளிக்கவில்லை, மூடிவிடலாமா என்று ஆண்ட்ராய்டே கேட்டுவிடும்.

5 வினாடி என்பது கடைசி எல்லை. மனிதரின் பொறுமை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் எவ்வளவு விரைவில் பதில் சொல்ல வேண்டும் என்று 1968லேயே ராபர்ட் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். 1993இல் ஜேகப் நீல்சன் அதைப் பிரபலப்படுத்தினார். வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்தால், தானே நேரடியாகச் செய்ததாக மனிதர் உணர்வார். ஒரு வினாடிக்கு மேல் போனால் எண்ண ஓட்டம் அறுந்துவிடும். காமிரா பட்டனுக்கு இதில் முதல் அளவுகோல்தான் பொருந்தும்.

ஆகவே முதல் பாடம் எளியது: சர்வர் அடுப்படிக்குப் போகக் கூடாது. கழுவும் வேலைகள் அனைத்தும் வேறு சரடுகளுக்குப் போக வேண்டும். கொஞ்சம் பயிற்சியுள்ள எந்த சாஃப்ட்வேர்காரரும் இதைச் செய்துவிடுவார். ஆனால் இதோடு தாமதம் ஒழிந்துவிடுவதில்லை. பட்டன் உடனே பதில் சொன்னாலும், சென்ஸார் படம் எடுக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே? திரையில் தெரியும் காட்சியே சற்றுப் பழையது. சென்ஸாரிலிருந்து திரைக்கு வருவதற்குள் உலகம் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. கண்டதைக் கண்டபடி பிடிக்க வேண்டுமென்றால், காமிரா காலத்தில் பின்னோக்கிப் போக வேண்டும்.

அதைத்தான் இன்றைய நல்ல செல்ஃபோன்கள் செய்கின்றன. காமிரா செயலியைத் திறந்த கணத்திலிருந்தே, யாரும் பட்டனைத் தொடாதபோதும், சென்ஸார் வினாடிக்கு 30 என்ற கணக்கில் படங்களைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அவை நினைவகத்தில் வட்டமாகச் சுற்றுகின்றன. வட இந்தியக் கிணறுகளில் மாடு சுற்ற, வரிசையாக வாளிகள் கட்டிய சக்கரம் நீர் இறைக்குமே, அது போல. புதிய வாளி நிரம்பி மேலே வர, பழைய வாளி கவிழ்ந்து காலியாகும். விரல் பட்டனைத் தொட்டதும் சக்கரத்தில் அப்போதிருக்கும் வாளிகளைச் செயலி எடுத்துக்கொள்கிறது. படம், அழுத்துவதற்குச் சற்று முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அழுத்தல் ஆணையல்ல, தேர்வு.

2016இல் கூகுள் தன் முதல் பிக்ஸல் ஃபோனில் இந்த முறையையும், பல படங்களை ஒன்றாக்கும் ஹெச்.டி.ஆர். பிளஸ் முறையையும் இணைத்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மார்க் லெவாய். ஆப்பிள் 2023இல் ஐ.ஓ.எஸ். 17 வெளியானபோது, தன் சொந்தக் காமிராவில் இருந்த இந்தத் திறமைகளை மற்ற செயலிகளை எழுதுகிறவர்களுக்கும் திறந்துவிட்டது. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுகிறவர்களுக்கு கூகுள் தரும் 'காமிரா எக்ஸ்' தொகுப்பிலும் இதே வசதி உண்டு.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. 1.2 கோடி புள்ளிகள் கொண்ட ஒரு 12 மெகாபிக்ஸல் படம், புள்ளிக்கு 10 பிட் என்று வைத்தால், கழுவப்படாத நிலையில் 15 மெகாபைட் இடம் பிடிக்கும். சக்கரத்தில் எட்டு வாளிகள் இருந்தாலே 120 மெகாபைட். வினாடிக்கு 30 படம் என்றால் நினைவகத்தின் வழியாகப் பாயும் வெள்ளம் 450 மெகாபைட். பாட்டரி கரைகிறது, ஃபோன் சூடாகிறது. ஆப்பிள் தந்த வசதி ஏ12 சிப்போ அதற்குப் பிந்தையதோ உள்ள ஃபோன்களுக்கு மட்டும்தான்.

இயற்கையும் ஒரு வரம்பு போடுகிறது. ஃபிளாஷ் போட்டு எடுக்கும் படத்துக்கு இந்த வித்தை உதவாது. இன்னும் வீசாத வெளிச்சத்தைக் கடந்த காலத்தில் தேடுவது எப்படி? இருட்டிலும் இதே கதை. பிக்ஸலில் சக்கரம் சுற்ற வேண்டுமானால் ஒரு படத்துக்கு 66 மில்லிசெகண்டுக்கு மேல் வெளிச்சம் வாங்க முடியாது. வாங்கினால் திரைக் காட்சி திக்கித் திணறும். அதனால் 2018இல் வந்த 'நைட் சைட்' முறையில் கூகுள் பழைய வழிக்கே திரும்பியது. பட்டனை அழுத்திய பிறகுதான் படமெடுப்பு தொடங்கும். கையில் பிடித்து எடுத்தால் ஒரு படத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வினாடிவரை. அப்படிப் பல படங்கள். அதுவரை அசையாமல் நிற்கும்படி திரையே சொல்லிவிடுகிறது. தாமதம் இருக்கிறது, ஆனால் மறைக்கப்படவில்லை.

எடுத்த படத்தைக் கழுவுவதில் 1888இன் யோசனை கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்திருக்கிறது. ஆப்பிளின் புதிய ஏற்பாட்டில், எடுத்தவுடன் தற்காலிகப் படம் ஒன்று ஆல்பத்தில் இடம்பிடித்துக்கொள்ளும். முழுமையான படம், ஃபோன் சும்மா இருக்கும் நேரத்திலோ, யாராவது அதைத் திறந்து பார்க்கும்போதோ பின்னணியில் தயாராகும். ரோச்செஸ்டருக்குப் பார்சல் அனுப்புவதற்குப் பதில், ஃபோனே தன் ஓய்வு நேரத்தில் கழுவிக்கொள்கிறது. இதற்கிடையே பட்டன் அடுத்த படத்துக்குத் தயார். மளமளவென்று படம் எடுக்கிறார் என்று தெரிந்தால், தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வேகத்தைக் காப்பாற்றும் வழியும் உண்டு. இதில் எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஐஃபோனின் அமைப்புகளில் பயனாளருக்கே விடப்பட்டிருக்கிறது.

ஆனாலும் ஏதோ ஒரு கட்டத்தில் எந்த ஃபோனும் திணறும். நினைவகம் நிரம்பும், சூடு ஏறும், வரிசை நீளும். அப்போது பட்டன் என்ன செய்ய வேண்டும்? பொறியியல் இங்கே நேர்மைப் பிரச்சினையாக மாறுகிறது.

மோசமான செயலி ஒன்றுமே செய்யாது. பட்டன் வெள்ளை வெளேரென்று அழைத்துக்கொண்டே இருக்கும். அழுத்தினால் சத்தமில்லை. மறுபடி அழுத்துவார்கள். இன்னும் பலமாக அழுத்துவார்கள், கண்ணாடித் திரைக்கு பலம் புரியும் என்பது போல. கடைசியில் வெறுத்துப்போய்க் கையைத் தாழ்த்தும்போது, வரிசையில் காத்திருந்த மூன்று அழுத்தல்களும் ஒன்றாக நிறைவேறும். ஆல்பத்தில் சேர்வது தரையின் மூன்று படங்கள். இன்னொரு வகைச் செயலி அதைவிடத் தந்திரமானது. 'க்ளிக்' சத்தத்தை உடனே எழுப்பிவிட்டு, படத்தைப் பிறகு எடுக்கும். செல்ஃபோனில் திறந்து மூடும் ஷட்டர் எதுவும் இல்லை; அந்தச் சத்தம் ஒரு ஒலிப்பதிவு. சத்தம் கேட்டதும் படம் எடுத்தாயிற்று என்று சிரிப்பை நிறுத்திவிட்டுக் கலைகிற குடும்பம், கலைகிற நிலையிலேயே படத்தில் உறைகிறது.

நல்ல செயலி தன் நிலைமையைச் சொல்லிவிடும். 2023இல் ஆப்பிள் தந்த கருவிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, பட்டனுக்கு இந்த உண்மையைச் சொல்லும் ஏற்பாடு. காமிரா தயாரா, ஒரு நொடிப்பொழுது மட்டும் தயாராக இல்லையா, படம் எடுத்து முடியக் காத்திருக்கிறதா, கழுவி முடியக் காத்திருக்கிறதா என்று அது பிரித்துச் சொல்லும். நொடிப்பொழுதுதான் என்றால் பட்டனின் தோற்றத்தை மாற்றாமல் விட்டுவிடலாம்; இல்லாவிட்டால் அது கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். சற்று நீண்டால் மங்கவைக்க வேண்டும். கழுவும் வேலையால் தடை என்றால் சுழலும் சக்கரத்தைக் காட்டலாம். ஆண்ட்ராய்டு 14லும், படம் தயாராக எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டி மதிப்பிட்டுச் சொல்லவும், எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டவும் வழி செய்தார்கள். தாமதத்தைவிடத் தாமதம் பற்றிய அறியாமைதான் மனிதரை அதிகம் தண்டிக்கிறது என்பது இந்த ஏற்பாடுகளை வடிவமைத்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

இதெல்லாம் விலையுயர்ந்த ஃபோன்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. விஷயம் நேர் எதிரானது. சக்கரமும் வாளியும் வாங்க வசதியில்லாத மலிவு ஃபோன்தான் அதிகம் திணறுகிறது. அந்த ஃபோன்தான் கோடிக்கணக்கான இந்தியர்களின் ஒரே காமிரா. நினைவகம் குறைந்த ஃபோன்களுக்கென்றே 2020இல் கூகுள் தனியாக ஒரு காமிரா செயலியை வெளியிட்டது. இன்னும் எத்தனை படம் எடுக்க இடமிருக்கிறது என்று அது திரையிலேயே காட்டியது. பழைய ஃபிலிம் காமிராவின் எண்ணும் சக்கரம் செய்த வேலை அது. வேகம் தர முடியாவிட்டாலும் விவரம் தர முடியும்.

இந்தியாவில் படம் வெறும் நினைவுச்சின்னமாகவும் இல்லை. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வருகையைப் பதிவு செய்ய 2021இல் ஒரு செல்ஃபோன் செயலி அறிமுகமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் நீங்கலாக எல்லாப் பணியிடங்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது. தொழிலாளர்களை நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதியும்படி படம் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தவர் பணியிடத்தின் மேட்; கையிலிருந்தது அவருக்குக் கிடைத்த ஃபோன். படம் பதிவாகாவிட்டால் அன்றைய வருகை இல்லை, வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை என்ற நிலை இருந்தது. செயலி திணறுகிறது, படம் ஏறவில்லை என்ற புகார்கள் பல மாநிலங்களிலிருந்து எழுந்தன. 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தர்ணா இருந்த தொழிலாளர்களின் குறைகளில் இதுவும் ஒன்று. சிக்னல் இல்லாத இடத்தில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும் வசதி உண்டு என்று அரசுத் தரப்பு விளக்கியது. எடுப்பது வேறு, அனுப்புவது வேறு என்ற அதே தத்துவம்தான்.

அந்தத் தத்துவம் சரியானதுதான். ஆனால் அது முழுமையாக வேண்டுமென்றால் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். அழுத்தியதும் படம் ஃபோனுக்குள் பத்திரமாகச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டது என்று எடுத்தவருக்குத் தெரிய வேண்டும். இன்னும் மேலே போய்ச் சேரவில்லையென்றால் அதுவும் தெரிய வேண்டும். கிரிக்கெட் ரசிகருக்கு இந்த மூன்றில் ஒன்று தவறினால் ஒரு படம் நஷ்டம். வெயிலில் மண் வெட்டியவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். அவருக்காகச் செயலி எழுதுகிறவர் பட்டனின் நிறத்தைப் பற்றி யோசிப்பதைவிட, அது எப்போது மங்க வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

செல்ஃபோன் விளம்பரங்கள் மெகாபிக்ஸலைச் சொல்கின்றன, லென்ஸ்களை எண்ணிக் காட்டுகின்றன. அழுத்தியதற்கும் எடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டு விற்பதில்லை. வாங்குகிறவர் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இன்னொரு ஃபோனில் ஓடும் ஸ்டாப்வாட்சைப் படம் எடுக்கட்டும். தொட்டபோது தெரிந்த எண்ணுக்கும் படத்தில் பதிந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தோராயமான தாமதத்தைச் சொல்லிவிடும். அடுத்தடுத்துப் பத்து படம் எடுத்து, எந்த இடத்தில் பட்டன் தயங்குகிறது, தயங்குவதைச் சொல்கிறதா என்றும் பார்க்கட்டும்.

எல்லா ஃபோனும் எப்போதும் தயாராக இருக்க முடியாது. தயாராக இல்லாதபோது தயார் என்று பட்டன் சொல்லாமலிருந்தால் போதும். 1851இல் இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிய புகைப்படக்காரரால் அடுத்த படத்தை உடனே எடுக்க முடியவில்லை. ஆனால் எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.